கண்ணாடியை மடித்து வைத்தது யார்?

அமைச்சரின் உதவியாளர் ஒருவர் ஏரிக்கரையில் செத்துக் கிடக்கிறார். இரவு நடக்கப் போனவர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்கிறது காவல்துறை. விடியற்காலையில் அங்கே போய்ச் சேர்ந்த பெண் நிருபர், உடலை வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்க்கிறார். காவலர் ஒருவர் செத்தவரின் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறக்கிறார். உள்ளே கண்ணாடி, மடித்த வாக்கில். அந்த மனிதருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா மரமா என்றுகூடத் தெரியாது. இருட்டில், வழுக்குகிற கரையில் நடப்பதற்கு முன் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டா போனார்?

நான் எழுத நினைக்கும் அரசியல் த்ரில்லருக்கு இவ்வளவுதான் விதை. கொன்றவர் யார், ஏவியவர் யார், எந்தக் கோப்புக்காக என்பதெல்லாம் நோட்டில் எழுதி முடித்தாகிவிட்டது. இரண்டு வருடமாக முடிவாகாமல் கிடப்பது ஒன்றுதான். இதை யார் சொல்வது? நிருபரே ‘நான்’ என்று சொல்லலாம். கொலையாளி, அமைச்சர், போலீஸ்காரர், நிருபர் என்று எல்லோர் தலைக்குள்ளும் புகுந்து புறப்படலாம். வெறும் ஆவணங்களை அடுக்கியே கதையை நடத்தலாம். இல்லையென்றால் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் செய்தி ஆசிரியரின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே பார்க்கலாம். இந்த ஒரே காட்சியை நான்கு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். இதே மாதிரி நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு என் கணக்கு உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் துப்பறியும் கதையில் கேள்வி ‘யார் கொன்றது’ என்பது. அரசியல் கொலையில் அது பெரும்பாலும் கேள்வியே இல்லை. மூன்றாம் நாளே ஊர் முழுக்க ஒரு பெயரை முணுமுணுக்கும். அந்தப் பெயரை அச்சில் போட முடியுமா என்பதுதான் பாடு. தெரிவது ஒரு படி, நிரூபிப்பது இன்னொரு படி, அச்சேற்றுவது அதற்கும் மேலே ஒரு படி. இந்தப் படிகளுக்கு நடுவே நிருபர் படும் அவஸ்தைதான் நாவல். மாஸ்கோவில் பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயா 2006 அக்டோபர் 7 அன்று தன் குடியிருப்பின் லிஃப்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் உட்பட ஐந்து பேருக்கு 2014இல் தண்டனை கிடைத்தது. சுடச் சொன்னவர் யார் என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. உலகம் முழுக்கப் பத்திரிகையாளர் கொலைகளில் சுமார் 85 சதவீதம் தீர்க்கப்படாமலே கிடப்பதாக 2024இல் யுனெஸ்கோ சொன்னது. அப்படியிருக்க, கடைசி அத்தியாயத்தில் கைவிலங்கோடு அமைச்சர் ஜீப்பில் ஏறுகிற மாதிரி முடித்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். ஆகவே என் அளவுகோல் இது: தெரிந்ததற்கும் அச்சேறியதற்கும் நடுவே இருக்கிற தூரம், இந்தச் சொல்முறையில் வாசகருக்கு உறைக்கிறதா?

முதலில் ‘நான்’. எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். நானும் அப்படித்தான். தொண்ணூறு பக்கம் எழுதினேன்.

“கூட்டைத் திறந்த காவலர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் சட்டென்று மூடினார். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு குரல் கிடைத்துவிடுகிறது. வாசகர் நிருபரின் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே நடந்து வருகிறார். நிருபருக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாது. நேர்மையான ஏற்பாடு. ஆனால் நாலாவது வரியைப் பாருங்கள். ‘இப்போதும் என் காதில் இருக்கிறது.’ அப்படியென்றால் இவர் உயிரோடுதான் இருக்கிறார். முந்நூறு பக்கம் மிரட்டல் கடிதம் வந்தாலும், பின்னால் பைக் தொடர்ந்தாலும், வாசகர் மனசுக்குள் ஓர் ஓரத்தில் நிம்மதியாக இருப்பார். அரசியல் கொலையைத் தோண்டுகிற நிருபருக்கு இருக்கும் முதல் ஆபத்தே உயிர்தான். அதை முதல் பக்கத்திலேயே தள்ளுபடி செய்துவிட்டு எதை வைத்துப் பயமுறுத்துவது?

இதைவிடப் பெரிய தொந்தரவு நாற்பதாம் பக்கத்தில் வந்தது. ‘நான்’ எங்கே இருக்கிறதோ அங்கேதான் கதை நடக்க முடியும். அதனால் என் நிருபர் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்க ஆரம்பித்தார். ஹோட்டலில் பக்கத்து மேசையில் தற்செயலாக அமைச்சரின் மைத்துனர் வந்து உட்கார்ந்தார். தற்செயல் ஒரு நாவலுக்கு ஒன்று போதும். என் தொண்ணூறு பக்கத்தில் ஏழு இருந்தது. உண்மையில் நிருபர் வேலை என்பது என்ன? எடுக்கப்படாத போன். ‘நாளைக்கு வாங்க.’ பத்திரப்பதிவு அலுவலக பெஞ்சில் இரண்டு மணி நேரம். நகலெடுக்கும் கடையில் பேப்பர் தீர்ந்துபோவது. ஒரு தகவலைச் சொன்னவரே மறுநாள் ‘நான் சொல்லவே இல்லையே’ என்பது. இந்தச் சலிப்பைத் தன்மையில் எழுதினால் ஒன்று புலம்பலாகிவிடுகிறது, இல்லையென்றால் நிருபர் நகைச்சுவை நடிகராகிவிடுகிறார். என்னுடையவர் மூன்றாவதாக ஒன்று செய்தார்: தத்துவம் பேச ஆரம்பித்தார். அங்கேதான் நிறுத்தினேன்.

அதற்காக ‘நான்’ வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நிருபரே தப்பு செய்திருந்தால்? அவர் அவசரப்பட்டு எழுதிய ஒரு பத்தியில், பெயர் போடாவிட்டாலும், ‘அலுவலகத்தில் பதினோரு வருடமாகப் பணிபுரியும் ஒருவர்’ என்று எழுதிவிட்டார். பதினோரு வருடமாக அங்கே இருப்பது ஒரே ஒருத்தர். ஒரு வாரத்தில் அந்த ஆள் காணாமல் போகிறார். இது உங்கள் கதையென்றால் வேறு யோசனையே வேண்டாம். அந்தக் குற்ற உணர்ச்சியை ‘நான்’ மட்டும்தான் சுமக்க முடியும். அவர் உயிரோடு இருப்பதே தண்டனையாகிவிடுவதால் ஆபத்து போய்விட்டதே என்ற குறையும் இருக்காது. என் கதையில் அப்படி ஒரு பத்தி இல்லை. வலிய ஒன்றை நுழைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அடுத்தது பல கண்கள். அத்தியாயத்துக்கு ஒருவர்.

“அவன் கண்ணாடியை மடித்தான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. அப்பா தூங்கிப்போனால் மூக்கிலிருந்து மெல்லக் கழற்றி, மடித்து, கூட்டில் வைப்பது சின்ன வயதில் அவன் வேலை. கை அதுபாட்டுக்குச் செய்தது.”

எழுதியபோது துள்ளிக் குதித்தேன். கொலைகாரன் ஒரே வரியில் மனிதனாகிவிட்டான். மறுநாள் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆறாம் பக்கத்திலேயே மடித்த கை யாருடையது என்று தெரிந்துவிட்டால், நிருபர் அந்தக் கூட்டைப் பார்க்கும் காட்சியில் என்ன மிச்சம் இருக்கிறது? வாசகருக்குத் தெரிந்ததை நிருபர் கண்டுபிடிக்கும் வரை இருநூறு பக்கம் காத்திருக்க வேண்டும். ‘இந்த அம்மா எப்பதான் கண்டுபிடிக்கும்’ என்று பொறுமை போய்விடும்.

ஆனால் இந்த வழியை அவ்வளவு சுலபமாகத் தள்ளவும் முடியவில்லை. என் வாதத்தை உடைக்கிற உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரம் இப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்று நமக்கு முன்னாலேயே தெரியும். விசாரித்துவிட்டுச் செய்ய வேண்டியதை, கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டான் அரசன் என்றும் தெரியும். ஒரு வினையெச்சம் ஓர் ஆளைக் கொன்ற கதை. கோவலன் வெட்டுப்பட்டு விழுவதையும் பார்த்துவிட்டோம். கண்ணகிக்குத்தான் தெரியாது. அப்படியிருந்தும் அரசவைக் காட்சி நம்மைப் பிடித்து உலுக்குகிறதே, எப்படி? ‘என் கணவன் கள்வனல்லன்’ என்று அழுததோடு அவள் நிற்கவில்லை. தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். தன் அரசியின் சிலம்பில் முத்து என்றான் அரசன். உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. நமக்கு எல்லாம் தெரிந்திருந்தும் ‘நிரூபிக்க முடியுமா’ என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

இதை யோசித்து ஒரு மாதம் குழம்பினேன். பிறகு ஒன்று புரிந்தது. சேதி கேட்டதும் கண்ணகி கிளம்பிவிடுகிறாள். இடைவெளி சில மணி நேரம். பத்திரிகை விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். நடுவே தப்பான தடங்கள், கை மாறும் அதிகாரிகள், வக்கீல் நோட்டீஸ். அவ்வளவு நீளத்துக்கு வாசகரை முன்கூட்டியே மேடைக்குப் பின்னால் உட்கார வைத்தால் அவர் கொட்டாவி விடுவார். தவிர, கண்ணகிக்கு எதிரே இருந்தவன் தப்பை ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். என் அமைச்சர் ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவார்.

பல கண் முறையால் மட்டுமே முடிகிற ஒன்று உண்டு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஓர் உத்தரவு எப்படிக் கீழே இறங்குகிறது என்பதைக் காட்டுவது. அமைச்சர் ‘கொல்’ என்று சொல்வதே இல்லை. காரில் ஏறும்போது ‘அந்தப் பையன் ரொம்பத் தொந்தரவு பண்றான்’ என்கிறார், அவ்வளவுதான். கேட்டவர் இன்னொருவரிடம் ‘அண்ணன் வருத்தப்படுறார்’ என்கிறார். மூன்றாவது ஆள் ஒரு தொகையைச் சொல்கிறார். நாலாவது ஆளுக்கு முகவரி போகிறது. இதில் யார் கொலைகாரர்? மால்டாவில் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டில் கொல்லப்பட்டார். அதை விசாரித்த பொது விசாரணைக் குழு 2021இல் தந்த அறிக்கையில், தண்டனைக்குப் பயப்படத் தேவையில்லை என்ற சூழலை உருவாக்கிய பொறுப்பு அரசைச் சேரும் என்றது. ‘சூழல்’ என்பது ஓர் ஆள் இல்லை. அதைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் நாலு தலைக்குள் புகுந்து வந்தால் அதை வாசகருக்குக் காட்டிவிடலாம். அந்தக் காரில் ஏறும் காட்சியை எங்காவது வைக்க இப்போதும் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். வாராவாரம் தொடராக எழுதுகிறவர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழியில் போகலாம். அத்தியாயம் முடியும்போது ஆளை மாற்றினாலே பாதிக் கொக்கி விழுந்துவிடும்.

இரண்டு கண்ணோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நிருபர் ஒருவர், விசாரணை நீதிபதி ஒருவர். இதற்கு நிஜத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லாம்பிராகிஸ் 1963 மே 22 அன்று தெசலோனிகி நகரில் சமாதானக் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு வெளியே வந்தார். ஒரு மூன்று சக்கர வண்டி பாய்ந்து வந்தது. அதிலிருந்து தலையில் அடி விழுந்தது. ஐந்து நாள் கழித்து இறந்தார். சாலை விபத்து என்று முடிக்கப் பார்த்தார்கள். வழிப்போக்கர் ஒருவர் அந்த வண்டியில் தாவி ஏறிச் சண்டை போட்டிராவிட்டால் அது அப்படியே முடிந்தும் போயிருக்கும். ஒரு பக்கம் நிருபர்கள் தோண்டினார்கள்; இன்னொரு பக்கம் கிறிஸ்தோஸ் சார்த்செடாகிஸ் என்ற இளம் விசாரணை நீதிபதி, மேலிருந்து வந்த அழுத்தத்துக்கு வளையாமல், காவல்துறைக்கு இதில் இருந்த தொடர்பை வெளியே கொண்டுவந்தார். பின்னாளில், 1985இல், அவர் கிரேக்கத்தின் குடியரசுத் தலைவரே ஆனார். இவ்வளவு அருமையான இணை கிடைத்தும் நான் எடுக்காததற்குக் காரணம் சாதாரணமானது. நேர்மையான நீதிபதி கதைக்குள் வந்துவிட்டால் நிருபரின் சுமை பாதி இறங்கிவிடும். சம்மன் அனுப்பும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கும்போது, கெஞ்சிக் கூத்தாடித் தகவல் வாங்குகிற ஆளை யார் கவனிப்பார்கள்?

மூன்றாவது, ஆவணக் கதை. சொல்கிறவர் என்று யாருமே கிடையாது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, நிருபரின் நோட்டுக் குறிப்பு, வாக்குமூலம், மறுப்புக் கடிதம். கண்ணாடிக் காட்சி இதில் இப்படி வந்தது:

“உடலில் இருந்த பொருட்கள்: சட்டை 1, பேன்ட் 1, கைக்கடிகாரம் 1, சாவிக்கொத்து 1, மூக்குக்கண்ணாடி (கூட்டுக்குள்) 1.”

இருபது பக்கம் தள்ளி, குடும்பத்தாரிடம் ஒப்படைத்த ரசீது:

“பெற்றுக்கொண்ட பொருட்கள்: சட்டை 1, பேன்ட் 1, கைக்கடிகாரம் 1, சாவிக்கொத்து 1.”

நான்கு விதத்திலும் இதுதான் மிகக் குறைவான சொற்களில் வந்தது. என்னை அதிகம் சிலிர்க்க வைத்ததும் இதுதான். யாரும் எதையும் சுட்டிக்காட்டவில்லை. வாசகரே பின்னால் புரட்டிப் போய், முதல் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, ‘அடப்பாவிகளா’ என்று சொல்வார். நிரூபணம் என்பது எப்படி இருக்கும் என்று கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி. பயம் மட்டும் வரவில்லை. ரசீதுக்கு இதயம் அடித்துக்கொள்ளாது. அப்புறம், முந்நூறு பக்கத்துக்கு அரசாங்கத் தமிழ் எழுதுவது என்பது எழுதுகிறவருக்கும் தண்டனை, படிக்கிறவருக்கும் தண்டனை. நூறு பக்கக் குறுநாவல் என்றால் நானே இதை எடுத்திருப்பேன்.

ஆவணம் என்றால் காய்ந்த சரக்கு என்று நினைக்கவும் வேண்டாம். மொசாம்பிக்கில் கார்லோஸ் கார்டோசோ என்ற ஆசிரியர் நடத்திய செய்தித்தாள் ஃபேக்ஸில் போய்க்கொண்டிருந்தது. அச்சகம் கிடையாது, கடை கிடையாது. சந்தாதாரரின் இயந்திரத்திலிருந்து தாள் தானாக வெளியே வரும். வங்கி ஒன்றில் 1.4 கோடி டாலர் சுருட்டப்பட்ட விவகாரத்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 2000 நவம்பர் 22 அன்று சுட்டுக் கொன்றார்கள். நாவலில் அந்தத் தாளை மட்டும் தினம் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் இயந்திரம் சும்மா இருப்பதைக் காட்டினால் போதாதா? ஆவணத்துக்கும் அழ வைக்கத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால், அந்தத் தாளுக்காகக் காத்திருக்கும் ஒருவர் வேண்டும்.

அந்த ‘காத்திருக்கும் ஒருவர்’ என்ற எண்ணம்தான் என்னை நாலாவது வழிக்குக் கொண்டுவந்து விட்டது. செய்தி ஆசிரியர். படர்க்கை, ஆனால் அவர் ஒருவரை ஒட்டி மட்டும். அவர் அலுவலகத்தை விட்டு நகர மாட்டார். நிருபர் வெளியே. நடுவே ஒரு போன்.

“சொல்லும்மா.”

“சார், கண்ணாடி சட்டைப்பையில இருக்கு. கூட்டுக்குள்ள, மடிச்சு வச்சிருக்கு.”

“நீ பார்த்தியா?”

“என் கண்ணால பார்த்தேன் சார்.”

“வேற யாரு பார்த்தாங்க?”

“அந்தப் போலீஸ்காரர். என்னைப் பார்த்ததும் மூடிட்டாரு.”

“படம்?”

“எடுக்க விடல.”

அவர் மணியைப் பார்த்தார். கடைசிப் பதிப்பு எப்போதோ போய்விட்டது; இணையத்தில் போட இப்போதே போடலாம். ‘செத்தவரின் கண்ணாடி மடித்த நிலையில் சட்டைப்பையில் இருந்தது’ என்று அடித்தார். வக்கீல் என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும். ‘இருந்ததாக நேரில் பார்த்தவர்கள் கூறினர்’ என்று மாற்றினார். பார்த்தவர்கள் என்றால் எத்தனை பேர்? ஒருத்தி, அவளும் நம் ஆள். ‘இருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று மாற்றினார். யாரால்? கடைசியில் வரியையே அழித்தார். ‘அமைச்சரின் உதவியாளர் ஏரியில் சடலமாக மீட்பு’ என்று செய்தி நாலு பத்தியில் போயிற்று. போனில் அவள் இன்னும் இருந்தாள். “சார், வருமில்ல?” என்றாள்.

இதை எழுதி முடித்த அன்று, தேடியது கிடைத்துவிட்டது என்று தோன்றியது. தெரிவதற்கும் அச்சேறுவதற்கும் நடுவே உள்ள தூரம் அந்த மூன்று திருத்தத்துக்குள் இருக்கிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு மனிதர் உண்மை என்று தெரிந்த ஒரு வாக்கியத்தைத் தன் கையாலேயே அழிக்கிறார். அவர் கோழையா, பொறுப்பானவரா? இரண்டு பக்கமும் பேசலாம். கருவானா கலீசியா இறந்தபோது அவர்மேல் 40க்கும் அதிகமான அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவற்றில் பல அவர் போன பிறகும் குடும்பத்தாரின் மேல் தொடர்ந்தன. அந்த மேசையில் உட்கார்ந்து வாக்கியத்தை அழிக்கிறவரின் தலைக்குள் இப்படிப்பட்ட கணக்கெல்லாம் ஓடும். நிருபரின் ‘நான்’ கதையில் அவர் வெறும் முட்டுக்கட்டையாகத்தான் தெரிவார். ‘பயந்தாங்கொள்ளி எடிட்டர்’ என்ற பழைய பொம்மை.

குறை இல்லாமல் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருக்கிற ஆள். ஏரிக்கரை, சவக்கிடங்கு, அமைச்சர் வீட்டு வாசல் எல்லாமே காது வழியாகத்தான் வரும். வேகமாகப் பக்கம் புரட்டப் பழகிய வாசகர் முதல் ஐம்பது பக்கத்தில் நெளிவார். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஆவணங்கள். அந்த இரண்டு பட்டியலையும் நிருபர் அவர் மேசைக்கு அனுப்புவார். அவர் படிக்கும்போது நாமும் படிப்போம். மூன்றாவது வழியில் சிலிர்த்ததெல்லாம் இப்படி இதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்காகத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை. செய்தி ஆசிரியர் மேசை என்பதே காகிதம் வந்து சேருகிற இடம்தானே.

கற்பனை ஊரா, நிஜ ஊரா என்று ஒரு கேள்வியும் வரும். இதற்கு அதிகம் யோசிக்கவில்லை. கற்பனை ஊர். பெயர் சொல்லிவிட்டால் வாசகர் நாவலை விட்டுவிட்டு, அமைச்சர் யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கிவிடுவார்.

மேசைக்கு ஆதரவாக என்னை முழுசாகச் சாய்த்தது வேறொன்று. இந்த வழியில் நிருபர் சாகலாம். ‘நான்’ கதையில் முடியாது. பல கண் கதையில் முடியும், ஆனால் கொலையை நேரே காட்டிவிடுவோம். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவருவது எப்படி? வழக்கமாக ஏழு மணிக்கு வரும் போன் வராது. எட்டு மணி. ஒன்பது மணி. அவருக்கு முன்னால் அவள் பாதி எழுதி அனுப்பிய செய்தி திறந்தே கிடக்கிறது.

நிஜத்தில் இது நடந்திருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் யான் குட்சியாக் என்ற 27 வயது நிருபரும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் 2018 பிப்ரவரி 21 அன்று அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் முடிக்காமல் விட்டுப்போன கட்டுரையை, இத்தாலிய மாஃபியாவுக்கும் ஆட்சியில் இருந்தவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கும் இருந்த தொடர்பைப் பற்றியது, கூட வேலை பார்த்தவர்கள் அந்த மாதக் கடைசியிலேயே வெளியிட்டார்கள். தெருவெல்லாம் கூட்டம் திரண்டது. மார்ச்சில் பிரதமர் ராபர்ட் ஃபிட்சோ பதவி விலகினார். அதற்கு நாற்பது வருடம் முன்னால், அமெரிக்காவின் அரிசோனாவில் டான் போல்ஸ் என்ற நிருபர் 1976 ஜூனில் கார் குண்டில் கொல்லப்பட்டபோது, வெவ்வேறு பத்திரிகைகளிலிருந்து 38 பேர் அந்த ஊருக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அவர் தோண்டிய இடத்திலேயே தோண்டினார்கள். ஒருவரைக் கொன்றால் செய்தி செத்துவிடாது என்று காட்டுவதுதான் நோக்கம்.

கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் பாதியில் நிற்கும் ஒருவரின் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பது எவ்வளவு சங்கடமான வேலை என்று யோசித்தேன். எது அவள் உறுதி செய்தது, எது பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக அடித்து வைத்தது? ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறதே, அது பெயருக்கா தேதிக்கா? கேட்டால் சொல்ல ஆளில்லை. அன்று ஒரு வரியை அழித்த அதே மனிதர் இப்போது அவளுடைய ஒவ்வொரு வரிக்கும் ஜாமீன் நிற்க வேண்டும். அழிக்கவும் மனசு வராது, அப்படியே விடவும் முடியாது.

ஆகவே மேசைதான். ஊடே ஆவணங்கள். காரில் ஏறும் அந்தக் காட்சிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அமைச்சரின் டிரைவர் பிற்பாடு வந்து சொல்கிற வாக்குமூலமாக வைக்கலாமா என்று பார்க்கிறேன். அறுபது பக்கம் வந்திருக்கிறது. கொலைகாரன் தன் அப்பாவின் கண்ணாடியை மடித்த வரியைக் கிழித்துப் போட மனசில்லாமல் தனியே வைத்திருக்கிறேன்.

இப்போது நிற்கிற இடம் இது. அவள் அனுப்பிய செய்தியின் கடைசி வரி பாதியில் நிற்கிறது: “இது குறித்துக் கேட்டபோது அமைச்சர் அலுவலகம்”. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கேட்டாளா, கேட்கப் போனாளா தெரியாது. மறுதரப்பிடம் விளக்கம் கேட்காமல் செய்தி போகக் கூடாது. அந்த விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். இரவு பத்தே முக்கால். அமைச்சர் அலுவலக எண்ணை அவரே சுற்றுகிறார். மணி அடிக்கிறது. எதிர்முனையில் எடுத்துப் பேசப்போவது யார் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.